முகூர்த்தத்துக்கு முன் பல்லுக்கு வெனீர் அவசியமா?

வாசகர் கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

பல்லழகுச் சிகிச்சையைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெனீரைப் பற்றியே கேட்கின்றன. தை முகூர்த்தங்கள் நெருங்கி வருவது ஒரு காரணமாக இருக்கலாம். கைப்பேசியில் வரும் விளம்பரங்கள் இன்னொரு காரணம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 25. கோபிசெட்டிபாளையம் சொந்த ஊர். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வரும் தை மாதம் திருமணம். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சிறு வயதிலிருந்தே ஒரு சந்து இருக்கிறது. பற்களும் சற்று மஞ்சளாகத் தெரிகின்றன. மேல்வரிசையில் பத்துப் பற்களுக்கு செராமிக் வெனீர் ஒட்டினால் இரண்டே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். "நல்லா இருக்கற பல்ல எதுக்குக் கண்ணு ராவோணும்?" என்று அம்மா தடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நானும் அம்மாவின் பக்கமே நிற்கிறேன். ஆனால் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெனீர் என்பது பல்லின் முன்புறத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய தகடு. செராமிக்கில் செய்யப்படும் தகடு பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டது. அது துருத்திக்கொண்டு தெரியாமலிருக்க, பெரும்பாலும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பல்லின் முன்புறத்தை ராவி, அளவெடுத்து லேபுக்கு அனுப்பி, செய்து வந்த தகட்டை ரெசின் பசையால் ஒட்டுகிறோம். அப்படி ராவப்படுவது எனாமல். உடலிலேயே மிகக் கடினமான அந்தப் பொருளை உருவாக்கும் செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே இல்லாமல் போய்விடுகின்றன என்பதால், போன எனாமல் திரும்ப வளர்வதில்லை. முறிந்த எலும்பு கூடிவிடும், கிழிந்த தோல் மூடிவிடும். எனாமலுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே ராவி வெனீர் ஒட்டிய பல், அன்றிலிருந்து ஏதாவது ஒரு மூடியோடுதான் காலம் தள்ள வேண்டும். நல்ல முறையில் செய்த செராமிக் வெனீர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், 25 வயதில் ஒட்டுகிறவர் எழுபது வயதுக்குள் அதை மூன்று நான்கு முறை மாற்ற நேரிடலாம்; ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பல்லில் இன்னும் கொஞ்சம் குறையும். விளம்பரத்தில் முதல் வெனீரின் விலைதான் இருக்கிறது.

எனாமல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடிக்கும் விளிம்பில் அது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். ஈறை ஒட்டிய பகுதியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே கை சற்று அழுத்தினால் கீழே இருக்கும் டென்டின் என்ற அடுத்த அடுக்கு வெளிப்பட்டுவிடும். எனாமலில் ஒட்டுவதைப் போலப் பசை டென்டினில் ஒட்டுவதில்லை. காரை உறுதியான சுவரில் பதித்த டைல்சுக்கும் ஈரம் ஊறிய சுவரில் பதித்த டைல்சுக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. டென்டின் வெளிப்பட்டால் பல் கூச்சமும் வரும், தகடு கழன்று விழும் வாய்ப்பும் கூடும்.

இந்த முறையின் பிறப்பே திரைப்படத்துக்காகத்தான். 1930களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ், ஹாலிவுட் நடிகர்களின் பல்மேல் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் மெல்லிய தகடுகளைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். எனாமலை அமிலத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் ரெசின் அதில் பிடித்துக்கொள்ளும் என்று மைக்கேல் புவோனகோர் 1955இல் காட்டிய பிறகும், பீங்கான் என்னும் செராமிக் தகட்டின் உட்புறத்தையும் அதேபோல் அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறை 1980களின் தொடக்கத்தில் வந்த பிறகும்தான் வெனீர் நிரந்தரமாக நிற்கத் தொடங்கியது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றியவர்களின் பல் ராவப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் பல்லுக்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பவை தொடர்பில்லாத இரண்டு குறைகள்: ஒன்று சந்து, மற்றொன்று நிறம். இரண்டையும் ஒரே மூடியால் மூடிவிடலாம் என்பதுதான் கிளினிக் சொல்லும் யோசனை. பத்துப் பல் என்று அவர்கள் கணக்குச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சிரிக்கும்போது சிங்கப்பற்களுக்குப் பின்னால் உள்ள பற்கள் வரை தெரியும் என்பதால், இரண்டை மட்டும் வெண்மையாக்கினால் மற்றவை மங்கித் தெரியும். ஆனால் நிறத்தை மூடித்தான் தீர வேண்டும் என்பதில்லை, வெளுக்கவும் செய்யலாம். முதலில் பல்லைச் சுத்தம் செய்து கறையையும், பல்லில் இறுகிப் படிந்திருக்கும் காரையையும் நீக்கிப் பாருங்கள். பலருக்கு மஞ்சளில் பாதி அங்கேயே போய்விடுகிறது. மிச்சமிருந்தால் பிளீச்சிங். உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய உறையில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, இரண்டு மூன்று வாரம் இரவில் அணிந்துகொள்ளும் முறை பழகிய, பாதுகாப்பான முறை. சிலருக்குச் சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். இதில் எனாமல் ராவப்படுவதில்லை.

சந்து விஷயத்தில் ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்து ஒரே அளவில் இருக்கும் சந்து பெரும்பாலும் தொல்லையில்லாதது; அண்மையில் அகன்று வரும் சந்து ஈறு நோயின் அடையாளமாக இருக்கலாம், அதன்மேல் எதையும் ஒட்டக்கூடாது. உங்களுடையது முதல் வகை என்பதால், சந்து சிறியதானால் இரண்டு நடுப்பற்களின் ஓரத்தில் மட்டும் காம்போசிட் எனப்படும் பல் நிற ரெசின் கலவையைப் படிப்படியாகச் சேர்த்து மூடிவிடலாம். பெரும்பாலும் ராவவே தேவையிருக்காது. மரத்துப்போகும் ஊசியும் வேண்டாம். ஒரே அமர்வில் முடியும். பிடிக்காவிட்டால் பாலிஷ் செய்து எடுத்துவிடலாம். சந்து பெரியது என்றால் மூடிய பற்கள் அகலமாகத் தோன்றும். அதற்குக் கம்பி போடுவதோ, கழற்றி மாட்டும் அலைனரோதான் பொருத்தம். அது தைக்குள் முடியாது, கல்யாணத்துக்குப் பிறகும் செய்துகொள்ளலாம்.

வரிசையும் முக்கியம். பிளீச் செய்தபின் குறைந்தது இரண்டு வாரமாவது விட்டுத்தான் காம்போசிட்டோ வெனீரோ ஒட்ட வேண்டும். பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பசையை இறுகவிடாது. வெளுத்த நிறம் நிலைப்பதற்கும் அந்த இடைவெளி வேண்டும், ஏனெனில் ஒட்டிய பொருள் பிறகு பிளீச்சில் வெளுப்பதில்லை. ஆகவே சுத்தம் செய்தல், பிளீச்சிங், காத்திருப்பு, பிறகு சந்தை மூடுதல் என்று இன்றே தொடங்கினால் முகூர்த்தத்துக்கு முன் நிதானமாக முடித்துவிடலாம். இதற்கெல்லாம் பிறகும் வெனீர்தான் வேண்டும் என்று தோன்றினால், ராவுவதற்கு முன் உங்கள் பல்லின்மேலேயே தற்காலிகப் பொருளால் மாதிரி ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதை வாயில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள், அம்மாவிடமும் காட்டுங்கள். எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிற இடத்தில் வாயைத் திறக்க வேண்டாம். கடிதத்தில் மாப்பிள்ளை வீட்டார் யாரும் சந்தைப் பற்றிக் கேட்டதாக எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

கேள்வி: பென்னாகரம் வட்டத்தில் விவசாயம் செய்கிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். முன்பற்களில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைப் பட்டைகளும் பழுப்புத் திட்டுகளும் இருக்கின்றன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். உப்பு, கரித்தூள், எலுமிச்சை எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. வெனீர் ஒட்டினால் மறைந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முதலில் எலுமிச்சையையும் கரித்தூளையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்று எனாமலைக் கரைக்கிறது, மற்றொன்று உரசித் தேய்க்கிறது. கறை மட்டும் அப்படியே இருக்கும், ஏனெனில் அது பல்லின் மேல் படிந்தது அன்று. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களும் உங்கள் ஊரும் ஃபுளோரோசிஸையே சுட்டுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் சேலத்தின் சில பகுதிகளிலும் பாறைகளிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு, தாடைக்குள் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதிலேயே இந்தக் குறை விழுந்துவிடுகிறது. முன்பற்களைப் பொறுத்தவரை அது பள்ளிக்கூடம் சேரும் வயதுக்குள் நடந்து முடிந்த கதை. மகள் ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்ததில்லை. இதை அவளுக்கும், கேலி செய்யும் பிள்ளைகளுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

வெனீர் இப்போது வேண்டாம். பதின்ம வயதில் பல்லின் நடுவே உள்ள கூழ், பெரியவர்களுக்கு இருப்பதைவிட அகன்று, வெளிப்புறத்துக்கு நெருக்கமாக இருக்கும். ராவினால் அது பாதிக்கப்பட்டு வேர் சிகிச்சை வரை போகலாம். ஈறும் இன்னும் தன் இடத்தில் நிலைகொண்டிருக்காது. இன்று ஈறோரத்தில் ஒட்டிய தகட்டின் விளிம்பு சில ஆண்டில் வெளியே தெரியும். பதினெட்டு வயதுக்கு முன் செராமிக் வெனீருக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

அதற்காக அதுவரை அவள் வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பழுப்புத் திட்டு மேலாக இருந்தால், நீர்த்த அமிலமும் நுண்ணிய தேய்ப்புப் பொடியும் கலந்த பசையால் எனாமலின் மிக மெல்லிய மேற்பரப்பை மட்டும் அகற்றும் மைக்ரோஅப்ரேஷன் நல்ல பலன் தருகிறது. வெள்ளைத் திட்டுகளுக்கு, துளைகள் நிறைந்த அந்த எனாமலுக்குள் மெல்லிய ரெசினை ஊறவைத்து நிரப்பும் முறை இருக்கிறது. திட்டு முழுதும் மறையாவிட்டாலும் அருகிலுள்ள நிறத்தோடு கலந்துவிடும். பின்னர் பிளீச்சிங்கும் சேர்த்தால் பலருக்கு வெனீரின் தேவையே எழுவதில்லை. குழி விழுந்த பல்லுக்கு மட்டும் காம்போசிட் பூசலாம். தீவிரமான ஃபுளோரோசிஸில் எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. மேற்பரப்பை இலேசாகத் தேய்த்துவிட்டோ, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோ ஒட்ட வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பல்லைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் செல்வது நல்லது. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பயிற்சி மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள், நேரம்தான் கூடுதலாக ஆகும்.

வீட்டில் இளைய குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்பது இந்தக் கேள்வியை விடப் பெரியது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே கொண்டுவரப்பட்டது. அந்தக் குழாய் நீர் வருமானால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். ஆழ்குழாய் நீரைத் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் விட்டுவிடலாம். ஆழ்குழாய் நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

கேள்வி: பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். வயது 48. முன்பற்கள் தேய்ந்து குட்டையாகிவிட்டன. தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். நீண்ட நாள் வெற்றிலைப் பழக்கத்தால் காவியும் ஏறியிருக்கிறது. வெனீர் ஒட்டிப் பல்லை நீட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: பல்லைத் தேய்த்தது எதுவோ அதுவே வெனீரையும் உடைக்கும். இரவில் கடிக்கும் வேகத்துக்கு இயற்கைப் பல்லே தாக்குப்பிடிக்கவில்லை என்னும்போது, அரை மில்லிமீட்டர் பீங்கானை அங்கே நிறுத்துவது பணத்தை வீணாக்குவதாகும். அதோடு மேல் கீழ் முன்பற்கள் நுனியோடு நுனி முட்டும் கடியாக உங்களுக்கு மாறியிருக்கவும் கூடும்; அந்தக் கடியில் வெனீர் நிலைப்பதில்லை. கடைவாய்ப்பற்கள் எத்தனை இருக்கின்றன, அவை எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்து, கடியின் உயரத்தையே மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். இரவில் அணிய நைட் கார்டு எனப்படும் கெட்டியான உறை ஒன்று முதலில் வேண்டும். குறட்டையும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களிடமும் பல் கடிக்கும் பழக்கம் காணப்படுகிறது.

காவிக்கு வெனீர் வேண்டியதில்லை, சுத்தம் செய்தாலே போய்விடும். "கிளீனிங் பண்ணினா பல்லு ஆடும்ங்க" என்று சொல்லாதவர் நம் பக்கத்தில் குறைவு. ஈறு நோயால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பல்லைக் காரைதான் முட்டுக் கொடுத்துப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ள நிலை தெரியவருகிறது, அவ்வளவுதான். வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்போல் அகலமாகத் திறக்காமை ஆகியவற்றில் எது இருந்தாலும் பல்லின் அழகை ஒத்திவைத்துவிட்டு அதை இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: காம்போசிட், செராமிக், சிர்கோனியா என்று மூன்று விலை சொல்கிறார்கள். ஓரிடத்தில் "ஆயுள் கியாரண்டி" அட்டையும் தருகிறார்கள். எதை எடுப்பது? — ஈரோடு வாசகர்

பதில்: காம்போசிட் வெனீர் மருத்துவரே நாற்காலியில் வைத்துச் செய்வது. ஒரு பல்லுக்குச் சில ஆயிரங்களில் முடியும். ஐந்து முதல் ஏழு ஆண்டு உழைக்கும். ஓரம் உடைந்தால் அதே இடத்தில் ஒட்டிச் சரிசெய்யலாம். குறை என்னவென்றால் நிறம் ஏறும். காப்பி, தேநீர் போதாதென்று நம் குழம்பில் மஞ்சளும் இருக்கிறது. மஞ்சள் மண்டி உள்ள ஊர்க்காரருக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. செராமிக் நிறம் மாறாது, பளபளப்பும் போகாது. ஒட்டிய விளிம்பில் மட்டும் நாளடைவில் கோடு விழலாம். விலை பல மடங்கு. லித்தியம் டைசிலிகேட் என்ற வகை அழகும் வலுவும் சேர்ந்தது, அமிலத்தால் பதப்படுத்தி உறுதியாக ஒட்டவும் முடியும். சிர்கோனியா மிக வலுவானது என்றாலும் அந்த அமிலத்துக்கு அது மசிவதில்லை. பல்லை முழுதும் மூடும் கேப் எனப்படும் முழு உறைக்கு ஏற்ற பொருள், மெல்லிய வெனீருக்கு என் முதல் தேர்வாக இருக்காது.

விலையை விடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. சில இடங்களில் வெனீர் என்று பேசிவிட்டுப் பல்லைச் சுற்றிலும் ராவி முழு கேப் போட்டுவிடுகிறார்கள். வெனீருக்குப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 3 முதல் 30 சதவீதம் வரை எடுக்கப்படுகிறது என்றும், முழு உறைக்கு 63 முதல் 72 சதவீதம் வரை போகிறது என்றும் அளந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. ஆகவே ஒப்புதல் படிவத்தில் வெனீரா, கேப்பா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆயுள் கியாரண்டி அட்டையில் எதன் ஆயுள் என்று பார்க்க வேண்டும்; பெரும்பாலும் அது பீங்கான் துண்டுக்கு லேப் தரும் உறுதி, உங்கள் பல்லுக்கோ ஈறுக்கோ யாரும் தந்ததன்று. மருத்துவக் காப்பீடு பொதுவாக அழகுச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெந்நீரில் போட்டு இளக்கிப் பல்மேல் அழுத்திக்கொள்ளும் வெனீர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்து அழகு நிலையத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். வாங்கலாமா? — பொள்ளாச்சி வாசகி

பதில்: வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் பட்டை ஈறை அழுத்தும், உணவு அதன் பின்னால் தேங்கும், அதை மாட்டிக்கொண்டு சாப்பிடவும் முடியாது. அழகு நிலையத்தில் வாய்க்குள் கைவைப்பது சட்டப்படியும் தவறு. பதிவு பெற்ற பல் மருத்துவர் மட்டுமே அதைச் செய்யலாம். சந்தேகம் இருந்தால் பலகையில் உள்ள பதிவு எண்ணைத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கரூரிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் நான்கு முன்பற்களுக்கு செராமிக் வெனீர் ஒட்டிக்கொண்டேன். பொங்கல் கரும்பு கடிக்கலாமா? கழன்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்: கரும்பை முன்பல்லால் உரிக்காதீர்கள், கத்தியால் சீவித் துண்டாக்கி, கடைவாயில் வைத்து மெல்லுங்கள். முறுக்கையும் எள்ளுருண்டையையும் உடைத்துச் சாப்பிடலாம். நூலைப் பல்லால் அறுப்பது, பேனா மூடியைக் கடிப்பது, பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது இனி வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டும் போதும். பல்லை வெளுப்பாக்கும் சொரசொரப்பான பொடி வகைகள் பளபளப்பைக் கெடுத்துவிடும். பல்லிடுக்கை நூலால் தினமும் சுத்தம் செய்யுங்கள், ஏனெனில் வெனீர் சொத்தையாவதில்லை, அதன் விளிம்புக்குக் கீழே உள்ள பல் சொத்தையாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

கழன்று விழுந்தால் பதற வேண்டியதில்லை. தகடு முழுதாக இருந்தால் பல நேரங்களில் அதையே சுத்தம் செய்து மறுபடி ஒட்டிவிடலாம். தண்ணீரில் அலசி, உடையாதபடி ஒரு சிறு டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் ஒட்டியவரிடமே செல்லுங்கள். அதுவரை அந்தப் பல்லில் குளிர்ந்ததும் புளிப்பானதும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடையில் விற்கும் உடனடிப் பசையால் நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டாம்; அது ஈறைச் சுட்டுவிடும், தகடும் கோணலாக உட்கார்ந்துவிடும், அதைப் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.